வேல்ஸ் குடும்ப வரலாறு: கையில் ஒரே ஒரு ‘டேவிட் ஜோன்ஸ்’. எங்கே தொடங்குவது?

நெல்லைக்காரி (கார்டிஃப்)

வணக்கம். பிறந்தது பாளையங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது வேல்ஸில். மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். என் பக்கத்தில் பிரச்சினையே இல்லை. பெரியப்பாவுக்கு ஒரு போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே ஆறு தலைமுறையைச் சொல்லிவிட்டார். இவர் பக்கம்தான் திண்டாட்டம்.

தெரிந்தது இவ்வளவுதான். மாமனாரின் தாத்தா பெயர் டேவிட் ஜோன்ஸ். (பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். உண்மைப் பெயரும் இதே அளவுக்குச் சாதாரணமானதுதான்.) கார்டிகன்ஷயரில் டிரெகாரன் பக்கத்து மலைக்காட்டிலிருந்து ரோண்டா பள்ளத்தாக்குக்கு நிலக்கரி வெட்ட வந்தவர். 1901இல் கல்யாணம். சான்றிதழில் தகப்பன் பெயர் இவான் ஜோன்ஸ், தொழில் விவசாயம். அதற்கு மேல் சுவர்.

போன வருஷம் ஓர் இடத்தில் காசு கொடுத்து வம்சாவளி எடுத்தோம். எந்த இடம் என்பது வேண்டாம். தோல் அட்டை போட்டு அழகாக அனுப்பினார்கள். அதன்படி இந்த இவான் ஜோன்ஸ் பெரிய வீட்டுப் பிள்ளை, இன்னும் மேலே போனால் ஒரு குறுநில மன்னர். மாமியார் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைத்தார். “இவர்கள் நம் ஆட்கள் இல்லை. நாம் பென்லான்” என்றார். பென்லான் என்றால் என்ன அத்தை என்று கேட்டால், “பென்லான்தான்” என்கிறார்.

யாராவது வழி சொல்லுங்கள்.

---

கல்வெட்டுப்பித்தன் (பர்மிங்காம்)

உங்கள் மாமியார் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு அந்தத் தோல் அட்டைப் புத்தகம் ஈடாகாது, அக்கா. பென்லான் ஒரு பண்ணையின் பெயர். வேல்ஸில் தேட வேண்டியது அதைத்தான், ஜோன்ஸை அல்ல.

ஏன் என்பது இங்கிலாந்துக்காரனைவிட நமக்குச் சீக்கிரம் புரியும். மு. கண்ணன் என்றால் ‘மு’ என் அப்பா. என் மகனுக்கு இனிஷியல் ‘க’. குடும்பப் பெயர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும் எதுவும் கிடையாது. வேல்ஸிலும் பல நூற்றாண்டுகள் இதே கதைதான். டேவிட்டின் மகன் ஜான் என்றால் ஜான் அப் டேவிட். மகள் என்றால் நடுவில் ‘வெர்ஹ்’. பின்னால் அந்த ‘அப்’பும் உதிர்ந்து வெறும் ஜான் டேவிட் ஆனது. அவர் மகன் இவான் ஜான். பேரன் மறுபடி ஜான் இவான். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரையே வைத்திருந்தார்கள்.

சில இடங்களில் ‘அப்’ அடுத்த பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப் ரீஸ் பிரைஸ் ஆனது, அப் ஹவெல் பவெல் ஆனது, அப் ஹியூ பியூ ஆனது, அப் இவான் பெவன் ஆனது. மற்றவர்களுக்கு ஏதோ ஒரு தலைமுறையில் அப்பா பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. ஜானின் பிள்ளைகள் ஜோன்ஸ், டேவிட்டின் பிள்ளைகள் டேவிஸ். பணக்கார வீடுகளில் இது 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கார்டிகன்ஷயர் மலைப்பக்கத்து ஏழை வீடுகளில் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் இழுத்தது. உறைந்தபோது புழக்கத்தில் இருந்த ஆண் பெயர்களே பத்துப் பதினைந்துதான். அதனால்தான் ஊர் முழுக்க ஜோன்ஸ், டேவிஸ், இவான்ஸ், வில்லியம்ஸ்.

பெயரை வைத்து ஆளைப் பிரிக்க முடியாத ஊரில் வேறு எதை வைத்துப் பிரிப்பார்கள்? வீட்டை வைத்துத்தான். பென்லான் டேவிட், ஹென்ட்ரெ டேவிட், டினிட் டேவிட் என்று. இன்றைக்கும் அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எனவே உங்கள் கேள்வி ‘எந்த இவான் ஜோன்ஸ்’ என்பதல்ல. ‘எந்தப் பென்லான்’ என்பதுதான்.

---

கரிசல்காடு (கோவில்பட்டி)

ஆர்வம் தாங்காமல் பென்லான் என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். வேல்ஸுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் பென்லான். ‘பென்’ என்றால் தலை, ‘லான்’ என்றால் தேவாலயம் என்று படித்தேன். அப்படியானால் தேவாலயம் இருக்கிற ஊரெல்லாம் ஒரு பென்லான் இருக்குமே? நம் ஊரில் ‘மேலத்தெரு’ என்று முகவரி சொன்ன கதைதான்.

---

ஏட்டுச்சுவடி (ஸ்வான்சீ)

கரிசல், பாதி சரி. தேவாலயத்தைக் குறிக்கும் ‘லான்’ வேறு. நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதினால் வரும் ஒலி அது. நமக்கு ழ எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. பென்லானில் இருப்பது பெரும்பாலும் ‘கிளான்’, அதாவது சரிவு, கரை. முன்னால் ஒரு சொல் சேரும்போது அந்தக் ககரம் கழன்று ‘லான்’ ஆகிவிடும். ஆகப் பென்லான் என்றால் மேட்டுச்சரிவின் உச்சி, ‘மேட்டுவீடு’ என்கிற மாதிரி. மலைநாட்டில் அது எத்தனை இருக்காது?

இந்த முதலெழுத்து மாறும் விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் புணர்ச்சியில் சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து மாறுவதுபோல, வெல்ஷில் சொல்லின் முதல் எழுத்து மாறும். ‘மவ்ர்’ (பெரிய) என்பது ‘வவ்ர்’ ஆகும். ‘பாஹ்’ (சின்ன) என்பது ‘வாஹ்’ ஆகும். தெரியாதவர்கள் இதை வேறு ஊர் என்று நினைத்துத் தேடாமல் விட்டுவிடுவார்கள்.

சரி, நெல்லைக்காரி, அடுத்த கேள்வி. உங்கள் வீட்டார் சர்ச்சா, சாப்பலா? வேல்ஸில் இது இரண்டு வேறு உலகம். சர்ச் என்றால் அரசாங்கம் சார்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபை. சாப்பல் என்றால் அதிலிருந்து விலகி நின்ற மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், சுயாதீனச் சபைகள். 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் மக்கள் பெரும்பாலும் சாப்பல்காரர்கள். அதனால்தான் அங்கே அரசுத் திருச்சபை என்ற தகுதியையே சட்டம் போட்டு எடுத்தார்கள். 1914இல் சட்டம், உலகப்போரால் தள்ளிப்போய் 1920இல் அமல்.

---

நெல்லைக்காரி

சாப்பல்தான். கால்வினிய மெத்தடிஸ்ட் என்று மாமியார் அழுத்திச் சொன்னார். நான் சும்மா மெத்தடிஸ்ட் என்று சொன்னதற்கு முறைத்தார்.

---

வால்பாறை மழை (லண்டன்)

அப்படியானால் தேவாலயப் பதிவேடுகளில் நேரத்தை வீணாக்காதீர்கள். சாப்பல்காரர்கள் அங்கே போயிருக்கவே மாட்டார்கள். டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்கி எச்சில் துப்பி அனுப்புங்கள், முடிந்தது வேலை.

---

ஏட்டுச்சுவடி

டிஎன்ஏ உங்களுக்கு ஓஹையோவில் நானூறு ஒன்றுவிட்ட ஜோன்ஸ்களைக் கொடுக்கும். அவர்களும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

சாப்பல்காரர்கள் தேவாலயத்துக்குப் போகவில்லை என்பதும் தவறு. 1754 மார்ச் முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர, எல்லாரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் கல்யாணம் செய்தால்தான் சட்டப்படி செல்லும். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரைத் திட்டிப் பிரசங்கம் கேட்டவரும், பெண்ணைக் கைப்பிடிக்க அதே பாதிரியார் முன்னால்தான் நின்றாக வேண்டும். கையெழுத்தோ கீறலோ, சாட்சிகளின் பெயரோ எல்லாம் அந்தத் திருமணப் பதிவேட்டில் இருக்கும். அடக்கமும் அப்படித்தான். சாப்பலுக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் இல்லாத காலத்தில் தேவாலய மண்ணில்தான் புதைத்தார்கள்.

ஞானஸ்நானம் மட்டும் கிளை பிரியும். பாப்டிஸ்ட் என்றால் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது, வளர்ந்த பிறகுதான். கால்வினிய மெத்தடிஸ்டுகள் 1811இல் பிரிந்து தங்கள் போதகர்களுக்குத் தாங்களே அபிஷேகம் செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து குழந்தைகளுக்குச் சாப்பலிலேயே ஞானஸ்நானம். 1837இல் அரசாங்கம் பிறப்பு இறப்புப் பதிவைக் கையில் எடுத்தபோது சாப்பல்களின் பழைய ஏடுகளை வாங்கிக்கொண்டது. அவை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். அதற்குப் பிந்திய சாப்பல் ஏடுகள்தான் தலைவலி. போதகர் அதைத் தன் சொந்தச் சொத்தாக நினைத்து, ஊர் மாறும்போது பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தேவாலய ஏடுகளில் 1813 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முன்னால் பாதிரியார் மனம்போல எழுதுவார். “ஜானின் மகன் டேவிட்”, அவ்வளவுதான். எந்த ஜான் என்பது கடவுளுக்கும் பாதிரியாருக்கும்தான் வெளிச்சம். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. அதில் ‘வசிப்பிடம்’ என்று ஒரு கட்டம், ‘தகப்பன் தொழில்’ என்று ஒரு கட்டம். வேல்ஸில் அந்த வசிப்பிடக் கட்டத்தில் பண்ணைப் பெயர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் வேல்ஸ் குடும்ப வரலாற்றின் புதையலே அந்த இரண்டு அங்குலக் கட்டம்தான்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. 1733 வரை ஏடுகள் லத்தீனில் இருக்கலாம். 1752க்கு முன்னால் புது வருஷம் மார்ச் 25இல் தொடங்கியது, ஆகவே பிப்ரவரி 1720 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. அப்புறம், வெல்ஷ் பேசிய வீட்டுப் பெயர்களைப் பாதிரியார் ஆங்கிலமாக்கித்தான் எழுதுவார். வீட்டில் ஷோன், ஏட்டில் ஜான். வீட்டில் ஷான், ஏட்டில் ஜேன். லவ்ரி என்ற பாட்டி ஏட்டில் லாரா ஆகியிருப்பார். ஏடு கரையான் தின்று போயிருந்தால் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் பேராயருக்கு ஒரு நகல் போகும். வேல்ஸின் அந்த நகல்கள் அபெரிஸ்ட்வித்தில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

---

நெல்லைக்காரி

அப்பாடா. பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

ஒரு செய்தி. போன ஞாயிறு மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு டிரெகாரனுக்கு அந்தப் பக்கம் அந்தப் பழைய சாப்பலுக்குப் போனோம். சாப்பல் பூட்டிக்கிடக்கிறது, பின்னால் கல்லறைகள். இவானின் கல் கிடைத்துவிட்டது! கரும்பலகைக் கல். எல்லாம் வெல்ஷில். மாமியார் கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டார், எனக்கோ வெல்ஷில் “காலை வணக்கம்” மட்டும்தான் தெரியும். எழுதிக்கொண்டு வந்ததைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

எர் செர்ஹிஸ் கோவ் அம்
இவான் ஜோன்ஸ், டினிவித்,
கின்ட் ஓ பென்லான் வ……
அர் ஹூன் அ வி வார்வ் ஹ்வெவ். 9, 1904
அன் 68 மிலுய்த் ஓய்ட்.
ஹெவிட் மேரி, இ பிரியோட்

மூன்றாம் வரியில் கடைசிச் சொல் சிதைந்திருக்கிறது. முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. இன்னொரு சிக்கல்: கல்லில் பென்லானை ‘அப்பா’ என்பதில் வரும் ப ஒலிக்குரிய எழுத்தால் எழுதவில்லை, ‘பந்து’ என்பதில் வரும் ப ஒலிக்குரிய எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. இது வேறு ஊரா?

---

ஏட்டுச்சுவடி

வேறு ஊர் இல்லை. நான் முன்னே சொன்ன அதே புணர்ச்சிதான். ‘ஓ’ என்றால் ‘இருந்து’. அது முன்னால் வந்தால் அப்பாவின் ப பந்தின் ப ஆகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்குச் சிக்கலே இல்லை. கடைசி வரியிலும் அதுதான் நடந்திருக்கிறது. ‘பிரியோட்’ என்றால் வாழ்க்கைத்துணை. ‘இ’ என்ற ‘அவருடைய’ சேர்ந்ததும் முதலெழுத்து மெலிந்துவிட்டது.

முழுக் கல்லும் சொல்வது: “இவான் ஜோன்ஸின் அன்பு நினைவாக. டினிவித் வீடு. முன்பு பென்லான் வ……. 1904 பிப்ரவரி 9இல் தம் 68ஆம் வயதில் காலமானார். மேலும் அவர் துணைவி மேரி.” டினிவித் என்றால் புதுவீடு. ஆக அவர் சாகும்போது இருந்தது புதுவீட்டில். பென்லான் அதற்கு முன்னால்.

அந்தச் சிதைந்த சொல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘வவ்ர்’ என்றால் பெரிய பென்லான், ‘வாஹ்’ என்றால் சின்னப் பென்லான். பழைய பண்ணை ஒன்று பிரியும்போது இப்படிப் பெரிதும் சின்னதுமாக அல்லது மேல், கீழ் என்று பிரிவது அங்கே சகஜம். பாகப்பிரிவினைதான்.

வயதைக் கழித்துப் பார்த்தால் பிறப்பு 1835 பிப்ரவரிக்கும் 1836 பிப்ரவரிக்கும் இடையில். சிவில் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. கொஞ்சத்தில் தப்பிவிட்டார் உங்கள் ஆள்!

---

வால்பாறை மழை

பெரிய பென்லானா சின்னப் பென்லானா என்று எப்படிக் கண்டுபிடிப்பதாம்? (டிஎன்ஏவை வாபஸ் வாங்குகிறேன்.)

---

டாக்டர் வீட்டுப் பிள்ளை (மெர்தர் டிட்வில்)

பல நாளாகச் சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தேன், இதற்குப் பதில் எனக்குத் தெரியும். அப்பா தேசியச் சுகாதாரச் சேவையில் டாக்டராக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர், நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். மனைவி வீட்டார் கார்மார்தன்ஷயர் பண்ணைக்காரர்கள். அவர்களைத் தேடித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது.

தசமபாக வரைபடம் பாருங்கள். அந்தக் காலத்தில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு திருச்சபைக்கு. நெல்லைக்காரி அக்காவுக்கு விளக்க வேண்டாம், சிஎஸ்ஐ வீட்டில் காதில் விழாமல் இருந்திருக்காது. 1836இல் ஒரு சட்டம் போட்டு, தானியமாகக் கொடுப்பதைப் பணமாக மாற்றினார்கள். அதற்காக ஒவ்வொரு பங்கையும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) அளந்து வயல் வயலாக எண் போட்டு வரைந்தார்கள். கூடவே ஒரு பட்டியல். நில உரிமையாளர், அனுபவத்தில் வைத்திருப்பவர், பண்ணைப் பெயர், வயல் பெயர், உழவா புல்லா, எத்தனை ஏக்கர், எவ்வளவு பணம். சிட்டாவும் அடங்கலும் புலப்படமும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. பெரும்பாலானவை 1838க்கும் 1850க்கும் இடையில் முடிந்தவை. வேல்ஸ் தேசிய நூலகம் மொத்தத்தையும் ‘லெயோய்த் கம்ரு’, அதாவது வேல்ஸின் இடங்கள் என்ற தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பண்ணைப் பெயரைத் தட்டினாலே தேடலாம். பரப்பளவு ஏக்கர், ரூட், பெர்ச் என்று மூன்று கட்டத்தில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர்.

வயல் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வெல்ஷில் வயலுக்கு ‘கை’ என்று பெயர். கை டான் டீ என்றால் வீட்டுக்குக் கீழ் வயல். கைர் ஒடின் என்றால் சூளை வயல். ஹவோட் என்று பெயர் வந்தால் கோடையில் மாடு ஓட்டிப்போய்த் தங்கும் மலைக்குடில், ஹென்ட்ரெ என்றால் குளிர்காலத்துக்கு இறங்கிவரும் தாய்வீடு. படித்து முடிக்கும்போது அந்த ஊரில் நடந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

பண்ணை இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால் நேரில் போய்விடுங்கள். நான் அப்படித்தான் ஒரு மழை நாளில் போனேன். முன்கதவைத் தட்டாதீர்கள், அது சவ அடக்கத்துக்கும் போதகருக்கும் மட்டும் திறக்கும் கதவு. மாட்டுக்கொட்டகைப் பக்கம் சுற்றி வந்து பின்வாசலில் நில்லுங்கள். என்னைப் பார்த்ததும் அந்த விவசாயி ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துக் கையை ஆட்டினார். என் மனைவியின் பாட்டனார் பண்ணைப் பெயரைச் சொன்னேன். முழங்கால் வரை சேறு படிந்த பூட்ஸைக் கழற்றினார், கெட்டில் ஏறியது. 1890களில் அங்கே இருந்தவர்கள் யார், பிறகு எங்கே போனார்கள், எந்தத் தம்பி குடித்துக் கெட்டான், எல்லாம் வரிசையாக வந்தது. அவர் பிறந்ததோ 1940களில்!

கடைசியாக அவர் அம்மாவின் அலமாரியிலிருந்து ஒரு வேதாகமம். பீட்டர் வில்லியம்ஸ் விளக்கவுரையோடு முதன்முதலில் 1770இல் கார்மார்தனில் அச்சான பதிப்பு வரிசை. வேல்ஸில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே இருந்த வெற்றுப் பக்கத்தில் பழுப்பு மையில் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், சிலருக்கு நேரம்கூட. மார்கரெட் என்ற பெயர் இரண்டு தடவை இருந்தது. முதல் மார்கரெட்டுக்கு எதிரே சின்னதாக ஒரு சிலுவை. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்ததற்கு வைத்திருக்கிறார்கள். டீ ஆறிப்போனது.

---

கரிசல்காடு

இந்த ஒரு பதிவுக்காகவே இந்த இழையைச் சேமித்துவைக்கிறேன்.

பெயர் வைப்பதில் ஏதாவது முறை உண்டா? நம்மிடம் பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’, தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதுதானே.

---

கல்வெட்டுப்பித்தன்

அங்கேயும் அதேதான். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா, இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா. விதி என்று சொல்ல முடியாது, ஆனால் பழக்கம். இரண்டாவது மகன் பெயரைப் பார்த்து அம்மா வீட்டுத் தாத்தாவை ஊகித்துவிட்டு, பிறகு ஏட்டில் சரிபார்ப்பது என் வழக்கம். ஊகத்தை ஊகம் என்று பென்சிலில் எழுதிவையுங்கள். பேனாவால் எழுதியதுதான் அந்தத் தோல் அட்டைப் புத்தகம்.

தசமபாகப் பட்டியலில் ‘உரிமையாளர்’ கட்டத்தையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பெரிய எஸ்டேட்டாக இருக்கும், உங்கள் ஆள் குத்தகைக்காரர். வருத்தப்பட வேண்டாம், அதுதான் நல்லது. ஜமீன் கணக்குப்பிள்ளை விட்டுவைக்கும் காகிதத்தை ஏழை விட்டுவைக்க மாட்டான். டிரெகாரன் வட்டாரத்தில் டிராஸ்கோய்ட், நான்டியோஸ் மாதிரி எஸ்டேட்டுகள். அவற்றின் குத்தகைக் கணக்கு, ஒப்பந்தம், வரைபடம் எல்லாம் அபெரிஸ்ட்வித் குன்றின் மேல் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் ‘மூன்று உயிர்’ குத்தகை என்று ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் மூன்று பேர் பெயர் எழுதுவார்கள், மூவரில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் கையில் இருக்கும். நீண்ட நாள் இருக்கட்டும் என்று தகப்பன் தன் சின்னப் பிள்ளைகளின் பெயரைப் போடுவான், வயதோடு. ஒரே தாளில் குடும்பம்.

பண்ணையும் சாப்பலும் வேறு வேறு கதை அல்ல. 1868 தேர்தலில் லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்டதற்காகக் கார்டிகன்ஷயரிலும் கார்மார்தன்ஷயரிலும் குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள். அப்போது ஓட்டு ரகசியம் கிடையாது, 1872இல்தான் வந்தது. 1876இல் லுயின்ரிடோவென் என்ற இடத்தில் ஒரு யூனிடேரியன் சாப்பலின் குத்தகையையே எஸ்டேட் ரத்துசெய்து கதவைப் பூட்டியது. போதகர் க்விலிம் மார்லெஸ் வெளியே சாலையில் நின்று பிரசங்கம் செய்தார். அந்தப் பக்கத்து மூதாதையர் ஒருவர் திடீரென்று அந்த வருஷங்களில் ஊரைவிட்டுக் காணாமல்போனால், காரணம் பசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

1858க்கு முந்திய உயில்களும் அதே நூலகத் தளத்தில் இலவசம், 1,90,000க்கும் மேல். சின்ன விவசாயிகூட எழுதியிருப்பான். இரண்டு பசு, ஒரு பித்தளைப் பானை, யாருக்கு எது என்று.

---

வால்பாறை மழை

பண்ணையே இல்லாமல் போயிருந்தால்?

---

டாக்டர் வீட்டுப் பிள்ளை

அதுவும் நிறைய உண்டு. எப்பிண்ட் மலையில் 1940இல் ராணுவப் பயிற்சிக்கு என்று 54 வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். 200க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் திரும்பவே இல்லை, இன்றைக்கும் அது பயிற்சிக்களம். அவர்களுடைய பாபெல் சாப்பலில் மிஞ்சியது அடிச்சுவரும் கல்லறைகளும்தான். வடக்கே கபெல் கெலின், 1965இல் லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அணைக்குள் போனது. 12 வீடுகளும் பண்ணைகளும், சாப்பல், பள்ளி எல்லாம் தண்ணீருக்கு அடியில். மலைச்சரிவுப் பண்ணைகள் பல அரசு வனத்துறையின் ஊசியிலைக் காட்டுக்குள் இடிந்து கிடக்கின்றன.

ஆனால் தசமபாக வரைபடத்தில் அவை எல்லாம் இன்னும் இருக்கின்றன, வயல் பெயரோடு.

---

நெல்லைக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மகள் மரத்தை எப்போதோ கொடுத்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். நான்தான் விடமுடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இவர் இரவு ஒரு மணிக்கு எழுந்து வந்து “இன்னுமா என் சொந்தக்காரர்கள்?” என்று கேட்கிறார்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கு. 1891இல் டேவிட்டுக்கு 16 வயது, பக்கத்துப் பண்ணை ஒன்றில் வேலைக்காரப் பையன். அந்த வருஷம்தான் வேல்ஸில் முதன்முதலாக மொழி கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டத்தில் ‘வெல்ஷ்’ மட்டும். 1911இல் ரோண்டாவில், சுரங்கத் தொழிலாளி, ‘இரண்டும்’. இருபது வருஷத்தில் ஒரு மொழி கூடியிருக்கிறது. அதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எனக்கும் இந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷம்தான் ஆகிறது.

அப்புறம் இவான். 1836இல் இவான் ஜோன்ஸ் என்று எந்த ஏட்டிலும் பொருத்தமாக ஒருவர் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு கல்வெட்டு அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து, பெயரை விட்டுவிட்டுப் பண்ணையைத் தட்டினேன். தசமபாகப் பட்டியலில் அதே பங்கில் இரண்டு பென்லானும் இருக்கின்றன. பென்லான் வவ்ர் 180 ஏக்கருக்கு மேல், அங்கே இருந்தவர்கள் வேறு ஆட்கள். பென்லான் வாஹ் 22 ஏக்கர், ஐந்தே வயல். அனுபவதாரர்: ஜான் டேவிட்.

ஜான் டேவிட்! அவர் மகன் இவான் ‘ஜான்’, அதுதான் இவான் ‘ஜோன்ஸ்’. குடும்பப் பெயரே இவானிடம்தான் தொடங்குகிறது. அதற்கு மேலே எந்த ஜோன்ஸும் கிடையாது, தோல் அட்டைக்காரர்கள் இல்லாத ஒருவரைத் தேடி ஒரு மன்னரைப் பிடித்திருக்கிறார்கள்.

கியூவில் இருக்கும் சாப்பல் ஏட்டில் 1836 ஜனவரியில் ஞானஸ்நானம் இருக்கிறது. “பென்லான் வாஹ், ஜான் டேவிட்டின் மகன் இவான்.” ஜானின் கல்யாணம் 1833இல், ஏட்டுச்சுவடி சொன்ன மாதிரியே தேவாலயத்தில். பெண் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், மாப்பிள்ளை கீறல். 1841 கணக்கில் ஜானுக்கு 35 வயது என்று இருக்கிறது. பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்களாமே, ஆகவே 35இலிருந்து 39க்குள். இவானுக்கு ஒரு தம்பியும் இருந்திருக்கிறான், 1851இல் இல்லை.

பென்லான் வாஹ் இப்போது வீடாக இல்லை. விண்கோள் படத்தில் காட்டு ஓரத்தில் ஒரு செவ்வகம் மட்டும் தெரிகிறது.

மாமியாரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 22 ஏக்கர் என்றதும், “அவ்வளவு இருந்ததா?” என்றார். இவருடைய அப்பா சின்ன வயதில் அங்கே ஒரு கோடைக்குப் போனாராம், சுவர் அப்போதே இடுப்பளவுதான் இருந்ததாம். இத்தனை நாள் சொல்லவே இல்லை! ஏன் என்றால், “நீ கேட்டது பெயரை” என்கிறார்.

வரும் சனிக்கிழமை மறுபடி சாப்பலுக்குப் போகிறோம். அந்தச் சிதைந்த சொல் ‘வாஹ்’தானா என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கம்பி பிரஷ் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், தேய்த்தால் எழுத்து தெளியுமா?

---

கல்வெட்டுப்பித்தன்

ஐயோ அக்கா, கம்பி பிரஷ்ஷைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்! பலகைக் கல் ஏடு ஏடாக உரிந்துவிடும், இருக்கிற எழுத்தும் போகும். சுண்ணக்கட்டி, ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். ஒரு பாட்டில் சாதாரணத் தண்ணீர், மெல்லிய பெயிண்ட் பிரஷ், ஒரு கைக்கண்ணாடி, போதும். வெயில் சாயும் நேரத்தில் போங்கள். கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கல்லின் மேல் விழவிடுங்கள், பள்ளமான எழுத்தில் நிழல் கட்டும். படம் எடுத்து இங்கே போடுங்கள்.

---

ஏட்டுச்சுவடி

மாமியாரின் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

நெல்லைக்காரி

சனி மாலை 6.20, கைபேசியிலிருந்து. படம் பிறகு. மழைத் தூறல், கடைசி ஐந்து நிமிஷம் வெயில் வந்தது. மகள் கண்ணாடி பிடித்தாள், மாமியார் வாசித்தார். நான்கு எழுத்துதான், கடைசி இரண்டும் ‘ஹ்’ ஒலிக்கு உரியவை. வாஹ்.